முதியோர் பராமரிப்புத் தொழில்: நம் நோக்கத்தை உணர்ந்த பணியாளர்களை எங்கே தேடுவது?

பட்டர்வொர்த் தாதி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் அரசாங்க மருத்துவமனையில் 26 ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு பட்டர்வொர்த்தில், முதியவர்களை அவர்கள் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்து நடத்தி வருகிறேன்; இது ஐந்தாம் ஆண்டு. பக்கவாதம் வந்து நாக்குக் குழறிய நம் தோட்டத்துப் பாட்டிமார், தமிழைத் தவிர வேறு மொழியில் எதையும் கேட்கத் தெரியாமல், நாளடைவில் கேட்பதையே விட்டுவிடுவதை வார்டில் பல முறை பார்த்திருக்கிறேன். தாகம் எடுத்தால்கூடக் கேட்க மாட்டார்கள். உதடு வெடித்திருப்பதைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொள்வோம். அவர்களுடைய மொழியில் பேசி, அவர்களுடைய பழக்கவழக்கம் அறிந்து பணிவிடை செய்ய ஆட்கள் வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில்தான் இதைத் தொடங்கினேன்.

இப்போது என்னிடம் 14 பராமரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் ஆகிய இடங்களிலும், பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தீவிலுள்ள ஜெலுத்தோங்கிலுமாக 23 குடும்பங்களுக்குச் சென்று வருகிறோம். மேலும் 11 குடும்பங்கள் காத்திருக்கின்றன. கோலாலம்பூரில் இருக்கும் என் அத்தை மகன், தான் முதல் போடுவதாகவும், செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு கிளை திறக்கலாம் என்றும் வற்புறுத்தி வருகிறார். தேவை இருக்கிறது, பணமும் வரும் போலிருக்கிறது, ஆள்தான் அமையவில்லை.

சென்ற ஆண்டு முகநூலிலும் புலனக் குழுக்களிலும், "பரிவும் பொறுமையும் அர்ப்பணிப்பும் உள்ள பெண்கள் தேவை" என்று விளம்பரம் செய்தேன். நாற்பது பேருக்கு மேல் விசாரித்தார்கள். 19 பேரை நேரில் பார்த்து ஒன்பது பேரைச் சேர்த்துக்கொண்டேன். மூன்று மாதத்துக்குள் ஏழு பேர் போய்விட்டார்கள். ஒருவர் சிங்கப்பூருக்குப் போனார், இருவர் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள், மற்றவர்கள் காரணம் சொல்லாமலே நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும், இந்த வேலையின் நோக்கம் அவர்களுக்குள் இறங்கவே இல்லை என்றுதான் நினைத்தேன்.

நோக்கம் இறங்கியவர் எப்படி இருப்பார் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். பிறையில் ஓர் அடுக்குமாடி வீட்டில், நாற்பது ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய 81 வயதுத் தாத்தா ஒருவர் இருக்கிறார். நினைவு தப்பிவிட்டது. விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள்கணக்கெடுப்புக்கு) நேரமாகிவிட்டது என்று பால்வெட்டும் உளியைத் தேடுவார். கதவு பூட்டியிருந்தால் ஆவேசம் வந்துவிடும். முதலில் போன இரண்டு பராமரிப்பாளர்களும் அவரைப் பிடித்துப் படுக்க வைக்கப் பார்த்து அடி வாங்கினார்கள். மூன்றாவதாகச் சென்ற பெண்ணுக்கு 24 வயது. அவளுடைய அம்மா சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவள் விளக்கைப் போட்டு, சன்னலைத் திறந்து, "தாத்தா, ராத்திரி முழுக்க மழை, மரமெல்லாம் ஈரமா இருக்கு, இன்னிக்கு வெட்டு இல்லைன்னு மண்டோர் சொல்லி அனுப்பிட்டாரு" என்று சொல்லி, ஒரு கோப்பை வெறுங்காப்பியைக் கையில் கொடுத்திருக்கிறாள். அவர் காப்பியைக் குடித்துவிட்டு ஏழு மணி வரைக்கும் தூங்கியிருக்கிறார். மரப்பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்ட மாட்டார்கள் என்பதை அவள் எங்கும் படித்திருக்க முடியாது; நானும் சொல்லித் தரவில்லை.

இப்படிப்பட்டவர்கள் இன்னும் பத்துப் பேர் கிடைத்தால் காத்திருக்கும் அத்தனை குடும்பங்களையும் ஏற்றுக்கொள்வேன். இவர்களை எந்தச் சொல்லால் அழைப்பது, நேர்காணலில் எப்படி அடையாளம் காண்பது, இவர்கள் கிடைக்கும் வரை கோலாலம்பூர்க் கிளையைத் தள்ளிப் போடுவது சரியா என்பதில் அனுபவமுள்ளவர்களின் கருத்தை வேண்டுகிறேன்.


செந்தூல் அச்சகத்தார் எழுதியது:

வணக்கம் அம்மா. நான் 31 ஆண்டுகளாக அச்சகம் நடத்துகிறேன். பராமரிப்புத் தொழில் எனக்குத் தெரியாது. ஆனால் ஆள் தேடி அலைந்த அனுபவம் நிறைய உண்டு.

முதலில் உங்கள் விளம்பரத்தைப் பற்றிச் சொல்கிறேன். பரிவு, பொறுமை, அர்ப்பணிப்பு ஆகிய மூன்றும் எந்த நிறுவனத்தின் விளம்பரத்திலும் இருப்பவை. வாசிப்பவர்களுக்கு அவை காதில் விழுவதே இல்லை. ஒரு நிறுவனத்தின் நோக்கத்தை அது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் சொற்களை வைத்து யாரும் அறிவதில்லை. எதற்காக அது நட்டத்தை ஏற்றது, எதை மறுத்தது என்பதை வைத்தே அறிகிறார்கள். என் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண அழைப்பிதழ், 400 படிகள், அச்சாகிக் கட்டும் கட்டியாகிவிட்டது. "நிகழவிருக்கும்" என்ற சொல்லில் இடையின ரகரம் வர வேண்டிய இடத்தில் வல்லின றகரம் விழுந்திருந்தது. வாடிக்கையாளர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதான். பிழையை அவரும் கவனிக்கவில்லை. மனம் கேட்காமல், கட்டைப் பிரித்து அத்தனையையும் கிழித்துப் போட்டுவிட்டு, என் செலவில் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தேன். அன்று எனக்கு அது பெரிய தொகை. இரண்டு மாதம் கழித்து, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் கடைக்கு வந்தார். "றகரத்துக்காக நானூறு அட்டையைக் கிழித்த ஆள் நீங்கள்தானா?" என்று கேட்டார். அந்தத் திருமணத்துக்குப் போனவர்களிடமிருந்து அவருக்குச் செய்தி எட்டியிருக்கிறது. பிறகு ஒன்பது ஆண்டுகள், தம் கண்பார்வை மங்கும் வரையில், அவரே என் மெய்ப்புத் திருத்துநராக இருந்தார். எந்த விளம்பரம் கொடுத்திருந்தாலும் அவர் எனக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

ஆகவே உங்களிடம் ஒரு கேள்வி: இந்த ஐந்து ஆண்டுகளில் பணம் வரும் என்று தெரிந்தும் நீங்கள் மறுத்த வீடு ஏதேனும் உண்டா? இருந்தால், அதுவே உங்கள் விளம்பரம்.

இரண்டாவதாக, வேலையின் மிகக் கடினமான பொழுதை ஒளிக்காமல் முன்னால் வையுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிவிட வேண்டும் என்பார்கள், இரவிலும் அப்படித்தானே? கழிவை அகற்ற வேண்டும், சில நாள் வசவும் கேட்க வேண்டும். இவற்றை அப்படியே எழுதிவிட்டு, "இத்தனையும் தெரிந்த பிறகும் இந்த வேலையைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், ஒரு காலைப்பொழுது எங்களோடு ஒரு வீட்டுக்கு வாருங்கள், அந்தப் பொழுதுக்கும் கூலி உண்டு" என்று முடியுங்கள். நாற்பது பேருக்குப் பதில் ஆறு பேர்தான் விசாரிப்பார்கள். அந்த ஆறு பேரைப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கும்.

நேர்காணலில் நோக்கத்தைச் சோதிக்க முடியாது என்பதே என் அனுபவம். நாற்காலியில் உட்கார்ந்து பேசும்போது எல்லாரும் நல்லவர்கள். அந்தக் காலைப்பொழுதில் பாருங்கள்: வந்தவர் பாட்டியிடம் பேசுகிறாரா, அல்லது பாட்டியின் தலைக்கு மேலே மகளிடம் பேசுகிறாரா? துடைப்பதற்கு முன் வெந்நீரைத் தம் மணிக்கட்டில் ஊற்றிப் பார்க்கிறாரா?

என் தாத்தா சிறுவயதில் கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் (வட்டிக்கடையில்) எடுபிடியாக இருந்தவர். நகரத்தார் ஒரு பையனைப் பெட்டியடிப் பையனாகச் சேர்த்து, கணக்கு எழுதப் பழக்கி, அடுத்தாளாக உயர்த்தி, பிறகுதான் மேலாளாகக் கடையையே ஒப்படைப்பார்கள். மேலாள் மூன்று ஆண்டுத் தவணை முடித்து ஊர் திரும்பும்போது கணக்கு முடிக்கப்படும். கடல் கடந்த ஊரில், முதலாளி பக்கத்தில் இல்லாமலே, பெரும் பணம் கைமாறிய தொழில் அது; அதனால் ஆளைப் படிப்படியாகப் பார்த்துத்தான் நம்பினார்கள். எனினும் அவர்கள் தங்கள் சமூகத்துக்குள்ளேயே ஆளைத் தேடினார்கள். அந்த வேலியை நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டாம். தோட்டத்தில் பிறந்தவருக்குத்தான் தோட்டத்துத் தாத்தாவைப் புரியும் என்று முடிவு கட்டிவிட்டால், புரிந்துகொள்ளும் மனத்தோடு வரும் பலரை இழந்துவிடுவீர்கள்.


கெப்போங் வாசகி எழுதியது:

அக்கா, நான் கோலாலம்பூரில் ஒரு பராமரிப்பு நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்தேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சற்றுக் கோபம் வந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நிறுவனத்தில் "சேவை" என்ற சொல்லைக் கேட்காத நாளே இல்லை. மாதாந்திரக் கூட்டத்தில் எல்லாரும் வட்டமாக நின்று நோக்க உறுதிமொழி சொல்வோம். ஆனால் என்னுடைய ஊழியர் சேமநிதிக் கணக்கைத் திறந்து பார்த்தபோது ஐந்து மாதங்களாகப் பணம் கட்டப்படவில்லை. இரவுப் பணிக்கு மேலதிக நேரச் சம்பளம் கேட்டதற்கு, "பணத்துக்காகவா இந்த வேலைக்கு வந்தாய்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியாமல் அழுதுவிட்டேன். இன்று கேட்டால் சொல்வேன்: பணத்துக்காகவும் வந்தேன். வாடகையும் மகனின் பள்ளிப் பேருந்துக் கட்டணமும் கட்டினால்தான் மறுநாள் காலை அந்த அம்மாவின் புண்ணுக்கு மருந்து கட்ட நிம்மதியான மனத்தோடு என்னால் போக முடியும்.

நான் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு விழுங்குவதில் சிரமம் இருந்தது. நேராக நிமிர்த்தி உட்கார வைத்து, கஞ்சியைக் கெட்டியாக்கி, ஒவ்வொரு கரண்டியாக, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். உண்ட பிறகும் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஐம்பது நிமிடம் ஆகும். நிறுவனம் எனக்கு எழுதிக் கொடுத்த அட்டவணையில் இருபது நிமிடம்தான் இருந்தது. மீதி முப்பது நிமிடத்தை நான் என் கையிலிருந்து கொடுத்தேன், இரண்டு ஆண்டுகள். வேலையை நேசித்தேன் அக்கா. விட்டுவிட்டு வந்தது அந்த நிறுவனத்தைத்தான். என்னைப் பற்றியும் அங்கே "நோக்கம் இறங்காதவள்" என்றே சொல்லியிருப்பார்கள்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். ஐயாயிரம் ரிங்கிட்டுக்குள் சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி 13 விழுக்காடு சேமநிதி கட்ட வேண்டும், சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தா தனி. நீங்கள் இவற்றைச் சரியாகவே செய்பவராக இருக்கலாம். உங்கள் எழுத்திலிருந்து அப்படித்தான் தோன்றுகிறது. என்றாலும் கேட்கிறேன்: ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளம் தருகிறீர்களா? பாலம் தாண்டிப் போகிறவர்களின் பெட்ரோல் செலவு யாருடையது? போய்விட்ட அந்த ஏழு பேரிடம், ஏன் போனீர்கள் என்று பிறகு எப்போதாவது கேட்டீர்களா?


பட்டர்வொர்த் தாதி எழுதியது:

அச்சகத்து ஐயாவுக்கும் கெப்போங் தங்கைக்கும் நன்றி. உங்கள் கோபம் நியாயமானது, தங்கை. பதில் எழுத நான்கு நாள் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி.

சேமநிதியும் சொக்சோவும் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனால் பயண நேரத்துக்கு நான் சம்பளம் தரவில்லை. வீட்டுக்குள் நுழைந்த நேரம் முதல் வெளியே வரும் நேரம் வரைக்கும்தான் கணக்கிட்டேன்; எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதால் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் சுங்கக் கட்டணம் கிடையாது, அதனால் செலவு பெரிதாக இருக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். மழையில், காற்றில், பதின்மூன்றரைக் கிலோமீட்டர் நீளப் பாலத்தை மோட்டார் சைக்கிளில் ஒரே நாளில் இரண்டு முறை கடப்பது எப்படி இருக்கும் என்று மகிழுந்தில் போகிற நான் நினைத்துப் பார்க்கவில்லை.

போனவர்கள் ஏழு பேரில் ஐந்து பேரைத் தொலைபேசியில் பிடித்தேன். இருவருக்கு இந்த வேலை உண்மையாகவே ஒத்துவரவில்லை, வெளிப்படையாகச் சொன்னார்கள். மற்ற மூவரும் ஜெலுத்தோங் வீடுகளுக்குப் போய் வந்தவர்கள். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் வெளியே இருந்து ஆறரை மணி நேரத்துக்குச் சம்பளம் வாங்கியவர்கள். அவர்களில் ஒருத்தி, இப்போது மின்னணுத் தொழிற்சாலையில் இருப்பவள், என்னிடம் முதலில் கேட்டது, "ஜெலுத்தோங் ஆச்சி இப்போது தலைசீவ விடுகிறார்களா?" என்பதுதான். அந்த ஆச்சி யாரையும் தலையில் கைவைக்க விடமாட்டார். இவள் மட்டும், தன் தலையை அவர் மடியில் கொடுத்து முதலில் சீவிவிடச் சொல்லி, பிறகு அவருக்குச் சீவிவிடுவாளாம். அதை அவள் எனக்கு அறிக்கையில் எழுதவும் இல்லை. இவளைத்தான் நோக்கம் இல்லாதவள் என்று நான் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

அச்சகத்து ஐயா கேட்டதற்குப் பதில்: உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன், நல்ல கட்டணம் தந்த ஒரு வீட்டை விட்டேன். எங்கள் பெண்ணுக்குத் தனிக் குவளையும் தனித் தட்டும் வைத்து, அடுப்படிக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார்கள். ஒரு முறை நேரில் போய்ப் பேசிப் பார்த்தேன். "அது எங்கள் வீட்டுப் பழக்கம்" என்றார்கள். அந்த மாதக் கடைசியோடு நிறுத்திக்கொண்டேன். அந்த வீட்டு அம்மாவை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம் உண்டு, அவர் மீது எந்தத் தவறும் இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் இந்த வாரம் என் ஆட்களிடம் ஒவ்வொருவராக, எப்படி இங்கே வந்தீர்கள் என்று கேட்டபோது, இரண்டு பேர் "அந்தக் குவளை விஷயத்தைக் கேள்விப்பட்டுத்தான் வந்தோம்" என்றார்கள். மழையைச் சொல்லித் தாத்தாவைத் தூங்க வைத்த பெண் அவர்களில் ஒருத்தி.

இனிக் கோலாலம்பூரைப் பற்றித்தான் எனக்குத் தெளிவு வேண்டும்.


பிரிக்பீல்ட்ஸ் கூட்டுறவு உறுப்பினர் எழுதியது:

வணக்கம். நான் பிறந்தது தோட்டத்தில், இருப்பது பிரிக்பீல்ட்ஸில். என் தந்தையாருக்குக் கிடைத்த ஒரு கூட்டுறவுச் சங்கப் பங்குச் சான்றிதழை இன்றும் வைத்திருக்கிறேன். அதை வைத்தே உங்களுக்குப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். வேலையும் போய், லயத்து வீடும் (தோட்டத்து வரிசை வீடும்) போய், நம்மவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 1960இல், அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், நாமே தோட்டத்தை வாங்கலாம் என்று தொழிலாளர்களைச் சேர்த்தார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்த முதல் தோட்டம். பத்து வெள்ளி அன்றைய பால்வெட்டுக்காரருக்கு இலேசான தொகை அன்று. பேச்சு நன்றாக இருந்தது என்பதற்காக மட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. கொடுக்கிற பணம் எதைக் காப்பாற்றப் போகிறது என்று ஒவ்வொருவருக்கும் கண்ணெதிரே தெரிந்தது, காப்பாற்றப்பட்டதில் தமக்கும் பங்கு உண்டு என்பதும் தெரிந்தது. இந்த இரண்டாவது பாதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நோக்கத்தில் பங்கு கேட்கிறோம், பலனில் பங்கு தருவதில்லை. உங்களிடம் ஐந்து ஆண்டுகளாக இருப்பவர்களுக்கு ஆண்டு இலாபத்தில் ஒரு பகுதியையாவது எழுத்து மூலமாக ஒதுக்குங்கள் என்பது என் வேண்டுகோள்.

உங்கள் துறையிலேயே ஓர் உதாரணம் நெதர்லாந்தில் இருக்கிறது. அங்கே வீட்டுத் தாதியர் பணியை, ஊசிக்கு இத்தனை நிமிடம், குளிப்பாட்ட இத்தனை நிமிடம் என்று துண்டு துண்டாகப் பிரித்து அளக்கும் முறை வளர்ந்திருந்தது. கெப்போங் சகோதரி சொன்ன இருபது நிமிடக் கணக்கேதான். 2006இல் யோஸ் டி ப்ளோக் என்ற தாதி, அந்த முறை பொறுக்காமல் வேறு சிலருடன் சேர்ந்து பூர்ட்ஸோர்க் என்ற அமைப்பைத் தொடங்கினார். அக்கம்பக்கப் பராமரிப்பு என்பது அதன் பொருள். நான்கு பேரில் தொடங்கிய அது, சுமார் பத்தாயிரம் பேர் வேலை செய்யும் அமைப்பாக வளர்ந்தது. தாங்கள் கற்ற தொழிலைத் தாங்கள் கற்றபடியே செய்ய விடுகிற இடம் ஒன்று இருக்கிறது என்று தாதியர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். நான் முக்கியமாகக் கருதுவது அது வளர்ந்த விதம். 12 பேருக்கு மிகாத குழுக்கள். குழு பெருத்தால் இரண்டாகப் பிரியும். யாரைச் சேர்ப்பது, யார் எந்த வீட்டுக்குப் போவது என்பதையெல்லாம் குழுவே முடிவு செய்யும். மேலே நின்று வேலை ஏவும் மேலாளர் கிடையாது.

உங்களிடம் 14 பேர் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் கிளை திறப்பதற்கு முன், இந்த 14 பேரைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு குழுவாக்கிப் பாருங்கள். தீவுப் பகுதி வீடுகளுக்குத் தீவிலேயே குடியிருப்பவர்களைத் தேடுங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே தீரும். நீங்கள் ஒரு மாதம் ஊரில் இல்லாவிட்டாலும் இரண்டு குழுக்களும் குவளை வைக்கிற வீட்டை மறுக்குமா? மறுக்கும் என்று உங்களுக்கு உறுதி வரும் நாளில் கோலாலம்பூரைப் பற்றிப் பேசலாம். அப்போதும் கட்டடத்தை முதலில் தேடாதீர்கள். இங்கே செந்தூலிலோ கெப்போங்கிலோ இருக்கும் ஒருவர் உங்களோடு ஆறு மாதம் பட்டர்வொர்த்தில் வேலை பார்த்துவிட்டு, தாமே இங்கே தொடங்க வேண்டும் என்று கேட்க வேண்டும். அதற்கு முன் திறக்கும் கிளையில் உங்கள் பெயர்ப் பலகைதான் இருக்கும்.

முதல் போடுகிற உறவினரைப் பற்றியும் ஒரு சொல். பணியாளரைக் காலைப்பொழுதுக்கு அழைப்பது போல் அவரையும் அழையுங்கள். பங்குதாரரும் ஆள்தான், நோக்கம் அவருக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும். காத்திருக்கும் 11 குடும்பங்களை ஒரே மாதத்தில் ஏற்றுக்கொள்ளச் சொல்லி முதலில் நெருக்கப் போவது அவராகத்தான் இருக்கும்; அது அவருடைய தீய எண்ணத்தால் அன்று, அந்தத் தாத்தாவை அவர் பார்த்ததில்லை என்பதால்.


கெப்போங் வாசகி எழுதியது:

அக்கா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தத் தலைசீவும் பெண்ணைத் திரும்பக் கூப்பிடுங்கள். பயண நேரத்துக்கு எவ்வளவு தருவீர்கள் என்பதை முதலில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள். பேச்சில் வேண்டாம்.


பட்டர்வொர்த் தாதி எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். கேட்டவர்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும் அல்லவா.

பயண நேரத்தையும் பணி நேரமாகக் கணக்கிடுவதாக 14 பேருக்கும் கடிதம் கொடுத்துவிட்டேன். இதற்காகக் கட்டணத்தை உயர்த்த வேண்டியிருந்தது. காரணத்தை விளக்கி எல்லாக் குடும்பங்களுக்கும் எழுதினேன். இரண்டு குடும்பங்கள் நின்றுகொண்டன. வசதி குறைந்த நான்கு குடும்பங்களுக்கு உயர்த்தவில்லை, அந்தச் சுமையை இந்த ஆண்டு நான் ஏற்றுக்கொள்கிறேன். ஜெலுத்தோங் பெண் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, அடுத்த மாதம் முதல் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். தொழிற்சாலைச் சம்பளத்தை விடக் குறைவுதான் என்பதையும் அவளிடம் சொன்னேன்.

புதிய அறிவிப்பை நான் எழுதவில்லை. எங்கள் பெண்கள் மூன்று பேர் எழுதினார்கள். முதல் வரி இப்படி இருக்கிறது: "நாங்கள் போகும் வீட்டில் எங்களுக்குத் தனிக் குவளை வைத்தால், அந்த வீட்டுக்கு நாங்கள் போக மாட்டோம்." பிறகு இரவில் புரட்டிப் போடுவது, வசவு கேட்பது, சம்பளம், பயணப் பணம் எல்லாம் வரிசையாக வருகின்றன. இதுவரை எட்டுப் பேர் விசாரித்தார்கள். மூவர் காலைப்பொழுதுக்கு வந்து போனார்கள். ஒருவரைச் சேர்த்திருக்கிறோம், அவர் ஆயர் ஈத்தாமில் குடியிருக்கும் சீனப் பெண், தாத்தா காலத்து மளிகைக் கடையில் தமிழர்களோடு பழகி வளர்ந்தவர், என்னை விட வேகமாகத் தமிழ் பேசுகிறார். அச்சகத்து ஐயா வேலி போட வேண்டாம் என்றது நினைவுக்கு வந்தது.

என் அத்தை மகனையும் அழைத்தேன். முதலில் சிரித்தார், பிறகு வந்தார். வெள்ளிக்கிழமை இரவே பட்டர்வொர்த்துக்கு வந்து தங்கி, விடிவதற்கு முன் என்னோடு பிறை வீட்டுக்கு வந்தார். தாத்தா நான்கரைக்கு எழுந்தார். இருட்டில் நின்றிருந்த இவரை ஏற இறங்கப் பார்த்து, "எந்த லயத்துப் பையன் நீ?" என்று கேட்டார். இவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார், எனக்கும் வாய் வரவில்லை. அந்தப் பெண்தான் காப்பியை ஆற்றிக்கொண்டே, "பத்தாவது லயம் தாத்தா, நம்ம பக்கத்து வீடுதான்" என்றாள். தாத்தா நகர்ந்து உட்கார்ந்து, கட்டிலில் இவருக்கு இடம் கொடுத்தார்.

திரும்பும் வழியில் கிளையைப் பற்றி அவர் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன சம்பளம் தருகிறாய் என்று மட்டும் கேட்டார்.